பால் பத்தல: தாமிரபரணிக் கரையில் புட்டிப்பாலின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அங்கன்வாடிச் சுவரிலும் ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் 'தாய்ப்பாலே சிறந்தது' என்ற சுவரொட்டி வந்துவிடும். அந்த வாசகத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது யாரிடம் பேசுகிறது என்று நாம் கேட்க வேண்டும். அது தாயிடம் மட்டும்தான் பேசுகிறது. அவளை விடியற்காலையில் நடவுக்குக் கூப்பிடும் நிலக்காரரிடமும், கொழுந்து பறிக்க மலையேற்றிய கம்பெனியிடமும், பிரசவத்துக்கு ஆறு மாதம் விடுப்புத் தராத முதலாளியிடமும் அது ஒரு சொல்லும் பேசுவதில்லை.

திருநெல்வேலிச் சேரிகளில் கள வேலை செய்யும் எங்களுக்கு அடிக்கடி காதில் விழும் சொல் 'பால் பத்தல'. குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, வீட்டில் பால் மாவு டப்பா இருக்கும். ஏன் என்று கேட்டால் இந்தப் பதில்தான் வரும். படித்தவர்கள் இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாம் இதை வரலாறாகப் படிக்கலாம் என்று நினைக்கிறோம். தலித் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் தாயின் விருப்பமோ உடலோ மட்டும் தீர்மானித்ததில்லை. அவளுடைய நேரம் யார் கையில் இருந்ததோ அவர்கள்தான் தீர்மானித்தார்கள். டப்பா பிறகுதான் வந்தது.

உடல் எப்படி வேலை செய்கிறது?

முதலில் கொஞ்சம் உடலியல். பால் தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் போன்றதல்ல. குழந்தை சப்பும்போதுதான் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பால் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் பாலை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊறும். மார்பு நிறைந்து கட்டிக்கொண்டே இருந்தால், 'இவ்வளவு தேவையில்லை' என்று உடல் எடுத்துக்கொண்டு உற்பத்தியைக் குறைத்துவிடும்.

இப்போது ஒரு கூலித் தாயின் பகலை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வயலுக்கோ செங்கல் சூளைக்கோ போகிறாள். பகலில் வந்து பால் கொடுக்க முடியாது. மார்பு கட்டி, வலித்து, சேலை நனைகிறது. சில வாரங்களில் ஊறுவது குறைகிறது. பிறகு அவள் 'பால் பத்தல' என்கிறாள். அவள் சொல்வது உண்மைதான். ஆனால் முதலில் பத்தாமல் போனது அவளுடைய நேரம்.

டப்பா வருவதற்கு முன்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி போன்ற மிராசு ஊர்களின் நெல்வளத்தைப் பாடாத தலபுராணம் இல்லை. அந்த நெல்லை நட்டது பள்ளர் குலப் பெண்கள். நாற்றுப் பிடுங்கல், நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் பருவம் தவறக் கூடாது. குழந்தை பிறந்த தேதியை நடவு பார்ப்பதில்லை. 1843இல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பண்ணையாள் முறை அதற்குப் பிறகும் பல தலைமுறை நீடித்தது. பண்ணையாள் வீட்டில் ஆணின் உழைப்போடு பெண்ணின் உழைப்பும் பண்ணைக்கே சொந்தம்.

குழந்தையை என்ன செய்தார்கள்? வரப்போரத்து மரத்தில் பழைய சேலையால் தூளி கட்டினார்கள். எட்டு வயது அக்காள் காவலுக்கு இருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் அந்த மரத்தடியிலேயே முடிந்துபோனது. பால் கொடுக்கக் கரையேற மேற்பார்வைக்காரர் கண் காட்ட வேண்டும். இடையில் பசித்து அழுத குழந்தைக்குக் கஞ்சித் தெளிவும் சர்க்கரைத் தண்ணீரும்தான். பணக்கார வீட்டில் பசும்பாலைப் பாலாடையிலோ சங்கிலோ ஊற்றிப் புகட்டினார்கள். தாய்ப்பாலுக்கு மாற்று என்பது ஐரோப்பியன் கண்டுபிடித்தது அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம். மாற்று எப்போதும் இருந்தது. யாருக்கு எந்த மாற்று என்பதில் சாதி இருந்தது.

பசும்பாலும் அப்படித்தான். நிலமும் மேய்ச்சலும் இல்லாதவன் வீட்டில் பசு ஏது? இது பழங்கதையும் அல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு 2006இல் நூலாக வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு, பால் கூட்டுறவுச் சங்கங்களில் தலித்துகள் பால் விற்கவும் வாங்கவும் தடை இருக்கும் கிராமங்களைப் பதிவு செய்திருக்கிறது.

யாருடைய பால், யாருடைய குழந்தை?

செல்வர் வீட்டுக் குழந்தையை வளர்க்க ஐவகைத் தாயர் உண்டு என்று தமிழ் அகராதிகள் பட்டியல் தருகின்றன. அதில் ஒருத்தி முலைத்தாய். பெற்றவளுக்குப் பதிலாகப் பால் கொடுப்பவள். ஒரு குழந்தைக்கு ஐந்து தாய் இருந்த அந்தக் காலத்திலும், அந்த முலைத்தாயின் சொந்தக் குழந்தைக்கு எத்தனை தாய் என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் இதே உறவு கூலியாக மாறியது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள், பால் கொடுக்கும் ஆயாவை எப்படித் தேர்வது, என்ன சாப்பிடக் கொடுப்பது, எப்படிக் கண்காணிப்பது என்றெல்லாம் விவரிக்கின்றன. ஏழைப் பெண்ணின் பால் வேண்டும், அவள் தொட்டால் ஆகாது என்ற முரண் சாதி இந்துவுக்கும் இருந்தது, நிற வெறியனுக்கும் இருந்தது.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு காட்சி உண்டு. 1901இல் டோனாவூருக்கு வந்த எமி கார்மைக்கேல், கோயிலுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். சில ஆண்டுகளில் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். தாயில்லாத அந்தக் குழந்தைகளைப் புட்டிப்பாலில் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. மருத்துவர் உதவி வேண்டும் என்பதற்காகவே நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார்கள். அங்கும் வயிற்றுப்போக்கு நோய் வந்து குழந்தைகள் செத்தார்கள். மருத்துவரும் பராமரிக்க ஆளும் பக்கத்திலேயே இருந்த இடத்தில் இப்படி என்றால், இவை எதுவுமே இல்லாத சேரியில் புட்டிப்பால் என்ன செய்திருக்கும்?

டப்பா எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, பெண்கள் வேலைக்குப் போன காலத்தில்தான் டப்பா உணவு பிறந்தது. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1860களில் குழந்தைகளுக்கான மாவு ஒன்றைத் தயாரித்தார். 1867இல் சுவிட்சர்லாந்தின் ஹென்றி நெஸ்லே, பாலும் மாவும் சர்க்கரையும் கலந்த உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் கெயில் போர்டன் தொடங்கிவைத்த டின் பாலும் அதே காலத்தது. 1900களின் தொடக்கத்தில் கிளாக்ஸோ பால் பவுடர் வந்தது. 1912 முதல் நெஸ்லேயின் டின்கள் இந்தியாவில் நேரடியாக விற்கப்பட்டன. 1961இல் பஞ்சாபின் மோகாவில் ஆலை வந்தது. அதே காலத்தில், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்க, அமுல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பஞ்ச காலத்து நாட்டுக்கு அது சாதனைதான். ஆனால் அந்த டப்பாவில் இருந்த கொழுகொழு குழந்தையின் படம், நல்ல தாய் என்றால் டப்பா வாங்குபவள் என்று எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் சொல்லிவிட்டது.

டப்பாவின் ஆபத்தை முதலில் உரக்கச் சொன்ன குரல் தமிழர்கள் வேலை செய்த மண்ணிலிருந்து எழுந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவு என்று விளம்பரம் செய்து ஏழைக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்குச் சமம் என்றார். 1974இல் பிரிட்டனின் வார் ஆன் வான்ட் அமைப்பு 'குழந்தைக் கொலையாளி' என்ற அறிக்கையை வெளியிட்டது. செவிலியர் உடையில் விற்பனைப் பெண்களை மகப்பேறு வார்டுக்குள் அனுப்பிய கதையெல்லாம் அப்போது வெளியே வந்தது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. ஆதரவாக 118 நாடுகள், எதிராக ஒரே ஒரு நாடு. அந்த ஒன்று அமெரிக்கா.

மலையேறிய பெண்கள்

19ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையிலிருந்து கடல் கடந்து போனவர்களில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட மக்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தாய் மலைக்குப் போனால் குழந்தை 'பிள்ளைக் காம்பரா'வில். மலேயா ரப்பர் தோட்டங்களில் 'ஆயாக் கொட்டகை'. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய், தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரமில்லாமல் கம்பெனிக்காக ரப்பர் பாலை எடுத்துக் கொடுத்தாள். தோட்டக் கடைகளில் டின் பாலும் கடனுக்குக் கிடைத்தது.

நம் ஆற்றின் தலைப்பகுதியிலும் இதே கதை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் எழுந்தன. சமவெளியில் நிலமில்லாத தலித் குடும்பங்கள் மலையேறின. கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. எடைக்கு ஏற்பத்தான் மதிப்பு. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. சட்டத்தின் கண்ணில், காப்பகம் இருந்தால் போதும். காப்பகத்துக்கும் கொழுந்துக் காட்டுக்கும் இடையில் எத்தனை மேடு ஏறி இறங்க வேண்டும் என்பது பால் கட்டிய மார்போடு நடப்பவளுக்குத்தான் தெரியும்.

1999 ஜூலை 23ஐ நாம் மறக்க முடியாது. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தி மக்களை ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். ஒன்று, இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை. போராட்டத்துக்கு யாராவது கைக்குழந்தையைத் தூக்கி வருவார்களா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. உழைக்கும் பெண் எங்கே போனாலும் குழந்தையும் கூடத்தான் போகும். வயலுக்கு, சூளைக்கு, தோட்டத்துக்கு, போராட்டத்துக்கும் கூட. விட்டுவிட்டு வர அவளுக்கு ஆயா இல்லை. அந்த ஆற்றின் கரையில் நின்றுகொண்டு குழந்தை நலம் பேசும் அரசு முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2028இல் முடிய வேண்டிய குத்தகை முடியும் முன்பே, 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் என்று சொல்லி வேலையை நிறுத்தியது. நான்கு தலைமுறை உழைத்தவர்கள் மலையை விட்டு இறங்கச் சொல்லப்பட்டார்கள்.

மாவும் தண்ணீரும்

பால் மாவு டப்பாவில் பாதி உணவுதான் இருக்கிறது. மீதிப் பாதி தண்ணீர், விறகு அல்லது கேஸ், பாத்திரம், நேரம். மாவு கிருமியற்றது அல்ல. அதனால் கொதிக்க வைத்து 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும் தண்ணீரில் கலக்கி, ஆற வைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டியையும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் நாம் சாதியைப் பேசியே ஆக வேண்டும். ஊர்த் தெருவுக்கு ஒரு குழாய், சேரிக்கு ஒரு குழாய், அதிலும் கடைசியாக, கலங்கலாக வரும் தண்ணீர். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது எப்படித் தெரிய வந்தது? குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது. அந்தத் தண்ணீரில் கலக்கிய புட்டிப்பாலை நினைத்துப் பாருங்கள். இங்கே தாமிரபரணியில் நகரத்துச் சாக்கடை கலக்கிறது. அதே ஆற்று நீர் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பானமாகப் புட்டியில் அடைக்கப்படுகிறது.

பணக் கணக்கும் உண்டு. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி பால் தேவை. அதற்கு ஏறக்குறைய 100 கிராம் மாவு. 400 கிராம் டப்பா நான்கு நாள்தான் வரும். ஒரு டப்பா நானூறு ரூபாயைத் தாண்டும். நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 2024-25இல் 319 ரூபாய். அதனால்தான் இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி விழுகிறது. பார்க்கப் பால் போலவே இருக்கும். குழந்தை மெலியும்.

சட்டங்கள் யாரைப் பார்த்தன?

1992இல் இந்தியா குழந்தைப் பால் மாற்றுகள் சட்டத்தை இயற்றியது. விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் பரிசு கூடாது. டப்பாவில் குழந்தை படம் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். 2003இல் திருத்தம் வந்து இன்னும் இறுகியது. உலகிலேயே கடுமையான சட்டங்களில் இதுவும் ஒன்று. நல்ல சட்டம்தான். ஆனால் அது டப்பாவை மட்டும் கட்டுப்படுத்துகிறது. தாயின் நேரத்துக்கு வேறு சட்டம் வேண்டும்.

அதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் புரட்சியாளர் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றார். அதன் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும், அவள் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றார். 1929இல் பம்பாயில் அது சட்டமானது. சென்னை மாகாணத்தில் 1934இல் வந்தது. இரண்டும் ஆலைப் பெண்களுக்கானவை.

1961இன் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பளத்தோடு விடுப்பும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பால் கொடுக்கும் இடைவேளையும் தந்தது. 2017இல் விடுப்பு 26 வாரம் ஆனது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்ற மருத்துவ அறிவுரைக்கு இது பொருந்துகிறது. ஆனால் யாருக்கு? பதிவேட்டில் பெயர் உள்ளவளுக்கு. நடவுப் பெண்ணும், சூளைப் பெண்ணும், முக்கூடல், ஆலங்குளம் பகுதிகளில் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணும் பெரும்பாலும் அதற்கு வெளியேதான்.

அவர்களுக்குத் தமிழ்நாட்டில் உள்ளது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். இந்தியாவிலேயே முன்னோடித் திட்டம், இதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் 18,000 ரூபாயை 319ஆல் வகுத்துப் பாருங்கள். 56 நாள் கூலி. ஆறு மாதம் என்பது 180 நாள். மீதி 124 நாளுக்கு வயிற்றுக்கு என்ன வழி? சுவரொட்டி சொல்லாத கணக்கு இதுதான்.

தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) காட்டும் எண்களும் இங்கே பொருந்துகின்றன. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 55 சதவீதம்தான். இந்திய சராசரியே 63.7. மருத்துவமனை வரை கொண்டுபோய்ச் சேர்த்த நம் அரசு, அங்கிருந்து வீடு திரும்பியவளின் அடுத்த ஆறு மாதத்தைக் கைவிட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் அறுவை சிகிச்சை என்பதும் சேர்கிறது. மயக்கம் தெளியாத தாய்க்குப் பக்கத்தில் முதல் புட்டி வார்டிலேயே வந்துவிடுகிறது.

என்ன கேட்க வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டப்பா வாங்கும் தாயைக் குற்றவாளியாக்குவது நம் வேலை அல்ல. தாய் இறந்துபோன குழந்தைக்கும், நோயால் கொடுக்க முடியாத தாய்க்கும் பால் மாவு உயிர் காக்கும் பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு அரசே அதை இலவசமாகவும் சுத்தமான தண்ணீரோடும் தர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் உண்டு. அங்கே குழந்தைக்குப் புகட்டும்போது பாலின் சாதியை யாரும் பார்ப்பதில்லை. அதை விரிவாக்கச் சொல்ல வேண்டும்.

அதோடு மூன்று கோரிக்கைகள். முதலாவது, அமைப்புசாராத் தாய்மார்களுக்கான உதவித்தொகை 180 நாள் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாக வேண்டும். இரண்டாவது, வேலைத்தளத்தில் ஐந்து சின்னக் குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் எழுதி வைத்தது. அந்த ஏற்பாடு ஏட்டில் நிற்காமல் எல்லாக் கூலி வேலைத்தளத்துக்கும் வர வேண்டும். மூன்றாவது, சேரிக் குடிநீர்த் தொட்டிகளின் நீர்ப் பரிசோதனை முடிவை அங்கேயே மக்கள் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் கடந்த ஓராண்டில் குழந்தை பெற்ற பெண்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனையாவது நாள் வேலைக்குத் திரும்பினீர்கள்? எந்த மாதம் டப்பா வாங்கினீர்கள்? இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போவோம்.